கொல்லிமலையில் இரண்டு நாள்: அப்பாயி, இரண்டு பிள்ளைகள், 70 வளைவுகள்

காவிரிக்கரை | திங்கள், இரவு 9.10

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்குக் கறி கிடையாது. "அதுக்குள்ள ஒரு மலைக்குப் போய் நாட்டுக்கோழி சாப்பிட்டுட்டு வந்துடுவோம்" என்று ஆரம்பித்து வைத்தவர் என் மாமியார். வயது 71, இரண்டு முழங்காலிலும் வலி. அவர், என் கணவர், 11 வயதுப் பெண், 6 வயதுப் பையன், நான் என்று ஐந்து பேர் போன சனி, ஞாயிறு கொல்லிமலை போய் வந்தோம். கிளம்புவதற்கு முன்னால் தேடிப் பார்த்தேன். பைக்கில் போன தம்பிகள் எழுதியதுதான் நிறையக் கிடைத்தது. வயதானவரையும் சின்னப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனவர்கள் எழுதியது அதிகம் இல்லை. அடுத்துப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்குத் திருச்சியில் புறப்பட்டு, முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல். பாதித் தூரம் காவிரி கூடவே வரும், விடியும் நேரத்தில் பார்க்க நன்றாக இருக்கும். நாமக்கல்லில் ஆஞ்சநேயரைப் பார்க்க இறங்கினோம். 18 அடி உயரம், தலைக்கு மேல் கூரை இல்லை. "மழை பெய்தா நனைவாரா அப்பாயி?" என்று பையன் கேட்டான். "நனைவாருடா. எதிர்ல மலைக்குள்ள நரசிம்மர் இருக்காரு. அவரைப் பாத்துக்கிட்டே நிக்கிறவருக்கு மழை என்ன, வெயில் என்ன" என்றார் அத்தை. பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான், இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

அங்கேயே இட்லி. எண்ணெய்ப் பலகாரம் எதுவும் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அப்புறம் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. காரவள்ளி தாண்டினால் மலைப்பாதை ஆரம்பம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் போட்ட பலகை இருக்கிறது. மகள் ஒரு நோட்டில் கோடு கிழித்து எண்ணிக்கொண்டே வந்தாள். எங்கள் வீட்டில் எல்லோரையும் கட்டிப்போட்டு வைத்தது அந்த நோட்டுதான். யாரும் கைபேசியைத் தொடவில்லை.

23வது வளைவில் பையனுக்கு முகம் வெளுத்தது. வண்டியை ஓரம் கட்டி, இறக்கி நிற்க வைத்து, எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தோம். பத்து நிமிடம் காற்று வாங்கினதும் சரியாகிவிட்டான். அதன்பிறகு முன் இருக்கையில் அப்பாயி மடியில் உட்காருவேன் என்று அடம் பிடித்தான். அதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தையையும் அவனையும் பின்னால் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "தூரத்துல தெரியற மலையைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். 40க்கு மேல் காற்று மாறிவிட்டது. ஜன்னலை இறக்கினால் சில்லென்று இருக்கிறது. 70 முடிந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

சோளக்காட்டில் இறங்கி சந்தைப் பக்கம் போனோம். அன்னாசி, பலா, மலைவாழை, மிளகு, தேன். அன்னாசியை நீளவாக்கில் அரிந்து மிளகாய்த்தூளும் உப்பும் தூவிக் கொடுக்கிறார்கள். பையன் காரம் காரம் என்று சொல்லிக்கொண்டே மூன்று துண்டு தின்றான்.

செம்மேட்டில் அறை எடுத்திருந்தோம். வெந்நீர் உண்டு என்று போனில் சொன்னார்கள், போய்ப் பார்த்தால் இல்லை. வயதானவர் கூட வருகிறார் என்று தெளிவாகச் சொல்லி இருந்தேன், அதனால் வருத்தமாகத்தான் இருந்தது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அம்மா அடுப்பில் ஒரு குடம் சுட வைத்துக் கொடுத்தார். காசு கொடுத்தபோது வாங்கவே இல்லை. மதியம் அவர் கடையிலேயே நாட்டுக்கோழிக் குழம்பு. அரைத்த மசாலா, மலை மிளகு, கொஞ்சம் தூக்கலான காரம். அத்தை இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கியதை நான் பார்த்துப் பல வருடம் ஆயிற்று.

சாயங்காலம் வாசலூர்பட்டி படகு இல்லமும் பக்கத்தில் இருக்கும் பூங்காவும். பிள்ளைகளுக்கு அது போதும். இரவு நல்ல குளிர். ஸ்வெட்டர் அவசியம்.

ஞாயிறு அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை. அதைத் தனியாக எழுதுகிறேன், பிள்ளைகளைத் தூங்க வைக்க வேண்டும்.

உறையூர்க்காரி | திங்கள், இரவு 9.52

அந்த நோட்டு யோசனை அருமை அக்கா. நாங்கள் ஏற்காடு போனபோது 20 வளைவுக்கே சின்னவள் படுத்துவிட்டாள். அறப்பளீஸ்வரர் கோயிலைப் பற்றிச் சீக்கிரம் எழுதுங்கள்.

வேலூர் அப்பா | செவ்வாய், காலை 7.30

வரும் சனிக்கிழமை நாங்கள் கிளம்புகிறோம். அப்பாவுக்கு 68, பையனுக்கு 4. காரில் ஏறினாலே வாந்தி எடுப்பான். 70 வளைவு என்று படித்ததும் வீட்டில் பயப்படுகிறார்கள். வேறு பாதை இருக்கிறதா? மலையில் நான் வண்டி ஓட்டியது ஏலகிரிக்கு மட்டும்தான். யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

லாரி வீடு, நாமக்கல் | செவ்வாய், காலை 8.45

சார், நீங்கள் சேலம் பக்கமிருந்து வருகிறீர்கள், அதனால் ராசிபுரம் தாண்டி முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஏறலாம். அந்தப் பாதையில் வளைவுகள் குறைவு. சின்னப் பையனுக்கு அதுதான் நல்லது. இறங்கும்போது வேண்டுமானால் காரவள்ளிப் பக்கம் இறங்குங்கள். 70 வளைவையும் பார்த்த மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக லாரிதான். அப்பா எனக்கு மலையில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்கிறேன்.

ஏறும் வண்டிக்குத்தான் வழி. நீங்கள் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள், எதிரே வண்டி ஏறி வருகிறது என்றால் அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றுவிடுங்கள். ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைத் திரும்ப எடுப்பது சிரமம். அதிலும் பஸ் என்றால் வளைவில் முழுச் சாலையும் அதற்கு வேண்டும். அது திரும்பி முடிக்கும்வரை பலகைக்கு முன்னாலேயே நில்லுங்கள். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தாலும் நகராதீர்கள்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டு, சில வளைவுகளில் ஒன்று. புதிதாக ஓட்டுகிறவர்கள் செய்யும் தப்பு, மூன்றாவது கியரில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவது. பத்துப் பதினைந்து வளைவு தாண்டினால் கருகின வாடை வரும். அந்த வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். சூட்டில் பிரேக் பிடிக்காமல் போகும். இருபது நிமிடம் ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நியூட்ரலில் இறக்குவதோ இன்ஜினை அணைத்துவிட்டு இறக்குவதோ கூடவே கூடாது. மிச்சமாகும் பெட்ரோல் அரை லிட்டர் இருக்காது.

பையனுக்கு: புறப்படுவதற்கு அரை மணிக்கு முன் கொடுக்கும் மாத்திரை உண்டு. நான்கு வயதுக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். கையில் கைபேசி கொடுக்காதீர்கள், பாதி வாந்தி அதனால்தான்.

பெட்ரோல் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குரங்குக்குத் தின்பண்டம் போட வண்டியை வளைவில் நிறுத்துகிறார்கள் பாருங்கள், அவர்கள் பின்னால் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஒருநாள் பயணி | செவ்வாய், காலை 11.20

என் கருத்து கொஞ்சம் வேறு. கொல்லிமலைக்கு ஒரு நாள் தாராளமாகப் போதும். விடியற்காலையில் ஏறினால் கோயில், ஆகாய கங்கை, சீக்குப்பாறை, மாசிலா அருவி எல்லாம் முடித்து இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். நான் நான்கு முறை அப்படித்தான் போயிருக்கிறேன். இன்னொன்று, மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவரை அவ்வளவு தூரம் அழைத்துப் போய், அருவியைப் பார்க்க முடியாமல் மேலே உட்கார வைப்பது அவருக்கு ஏக்கம்தானே? அதற்கு ஊட்டி, கொடைக்கானல் என்றால் வண்டியிலேயே எல்லா இடமும் போகலாம்.

காவிரிக்கரை | செவ்வாய், இரவு 10.05

ஒருநாள் பயணி சார், நீங்கள் அக்கறையோடுதான் கேட்கிறீர்கள், தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. போவதற்கு முன் இதே கேள்வியை நானும் கணவரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னால் அதுவே பதிலாக இருக்கும்.

செம்மேட்டிலிருந்து காலை ஏழு மணிக்கு வண்டி எடுத்தோம். கோயில் இருக்கும் இடத்துக்குப் போகிற வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொரு மரத்திலும் மிளகுக்கொடி. கோயிலை ஒட்டியே ஐயாறு ஓடுகிறது. அங்கே மீன்களை யாரும் பிடிப்பதில்லை. அறுத்த மீனை ஈசன் பொருத்தி உயிர் கொடுத்தார் என்பது தலக்கதை. தரிசனம் முடித்துவிட்டுக் கணவரும் மகளும் படி இறங்கிப் போனார்கள். நானும் பையனும் அத்தையோடு ஆற்றங்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

வெளியே பொரி விற்றார்கள், ஒரு பொட்டலம் வாங்கினோம். அத்தை புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, கடைசிப் படியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தண்ணீரில் விட்டார். பையன் நாலு பொரியைப் போட்டான். முதலில் விரல் நீளக் குஞ்சுகள் வந்தன. பிறகு அடியிலிருந்து முழங்கை நீளத்தில் ஒன்று, கறுத்த முதுகோடு, மெதுவாக மேலே வந்து பொரியை வாயால் உறிஞ்சிக்கொண்டு திரும்பியது. அதன் வால் அத்தையின் பாதத்தில் பட்டது. அவர் காலை எடுக்கவில்லை. "வளவளன்னு இருக்குடா, பாப்பா கன்னம் மாதிரி" என்றார். அதன் பிறகு பையன் ஒவ்வொரு பொரியாகத்தான் போட்டான், சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை என்னிடம், "இந்தத் தண்ணி எங்க போகுதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். "அருவியா விழுதே அத்தை, அதுதான் ஆகாய கங்கை" என்றேன். "அப்புறம்?" எனக்குத் தெரியவில்லை. "புளியஞ்சோலைக்கு வரும்" என்றார்.

அவர் பிறந்த ஊர் துறையூர் பக்கம். புளியஞ்சோலை கொல்லிமலையின் அடிவாரம், எங்கள் திருச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. சின்ன வயதில் வண்டி கட்டிக்கொண்டு போய் அந்த ஓடையில் குளிப்பார்களாம். அண்ணாந்து பார்த்தால் மலை. "மேல என்ன இருக்கும்?" என்று அவர் அப்பாவிடம் கேட்பாராம். "மேல சாமி இருக்கு" என்று சொல்லிவிடுவாராம் அவர். மலையின் இந்தப் பக்கமே பிறந்து, இந்தத் தண்ணீரிலேயே குளித்து வளர்ந்தவர், 71 வயதில்தான் மேலே ஏறி வந்திருக்கிறார். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் இதை எங்கள் யாரிடமும் அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

ஒன்றரை மணி நேரம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தோம் சார். ஒரே நாளில் ஐந்து இடம் பார்க்க வேண்டும் என்று ஓடியிருந்தால் பொரி போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்திருப்போம். அருவியைப் பார்க்கவில்லையே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் முழங்கால் வலி உள்ளவர்களையும் கூட்டிப் போங்கள் என்கிறேன். இரண்டு நாளாகப் போங்கள். அவர்களுக்கு உட்கார நேரம் கொடுங்கள்.

உறையூர்க்காரி | செவ்வாய், இரவு 10.31

அக்கா, படித்ததும் எங்கள் அம்மாயிக்குப் போன் செய்தேன். அவரும் புளியஞ்சோலையில் குளித்தவர்தான்.

தமிழ் வகுப்பு | புதன், காலை 6.15

பிள்ளைகளோடு போகிறவர்கள் செம்மேட்டில் இருக்கும் வல்வில் ஓரி சிலையைக் காட்டி, கதையையும் சொல்லுங்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலை அவனுடையது. அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியை, மானை, காட்டுப்பன்றியை வரிசையாக வீழ்த்தி, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் பாடியிருக்கிறார். புறநானூற்றில் 152ஆம் பாட்டு. என் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் ஐந்து விலங்கையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். காரில் வளைவு எண்ணுகிற நேரத்தில் இதையும் சொல்லிப் பாருங்கள்.

கொல்லிப்பாவை கதையும் சங்கப் பாடல்களில் வருவது. பார்ப்பவரை மயக்கும் அழகுள்ள பாவை இந்த மலையில் இருந்ததாக நம்பினார்கள். எட்டுக்கை அம்மன் கோயிலை அந்தப் பாவையோடு சேர்த்துச் சொல்வார்கள். அறப்பளீசுர சதகம் பாடிய அம்பலவாணக் கவிராயர் இதைச் சதுரகிரி என்று சொல்கிறார். கோயிலுக்குப் போகும்போது அந்தப் பெயரையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஆண்டுதோறும் ஆடி 17, 18 இரண்டு நாளும் ஓரி விழா. குடும்பத்தோடு அமைதியாகப் போக வேண்டுமென்றால் அந்த நாட்களைத் தவிர்க்கலாம், கூட்டம் நெரியும். விழாவையே பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு முறை போய் வாருங்கள்.

செம்மேடு மிளகு | புதன், பிற்பகல் 2.40

நான் மலையிலேயே பிறந்தவன். காவிரிக்கரை அக்கா எழுதியதைப் படித்ததும் மனசு நிறைந்தது. மீன் வால் காலில் பட்டதை எழுதினீர்கள் பாருங்கள், எங்கள் அம்மாச்சியும் அப்படியே சொல்வார்.

சில விஷயம் எங்கள் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். எங்கள் மக்களுக்கு மலையாளி என்றுதான் பெயர். கேரளாவா என்று கேட்கிறார்கள், இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். பேசுவது தமிழ்தான். எங்கள் ஊராட்சிகள் எல்லாம் நாடு என்றே முடியும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று மொத்தம் 14. பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ஒரே மலையில் 14 நாடு என்றால் அவர்களுக்குப் பிடிக்கும்.

என் தாத்தா காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும்தான் சாப்பாடு, வயலும் அதுதான். இப்போது மரவள்ளிக்கிழங்கு நிறைய வந்துவிட்டது. கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது, கையில் காசு வருகிறது, யாரையும் குறை சொல்ல முடியாது. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களுக்குப் பெரிய வேலை. அந்தச் சிரமத்துக்குப் பயந்தே பல வீட்டில் விதைப்பதை விட்டார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வந்து உமி நீக்கும் இயந்திரம் வைத்துக் கொடுத்து, மகளிர் குழுக்களோடு பல வருடம் வேலை செய்தது. இன்னும் சில வீடுகளில் விதைக்கிறார்கள். சந்தையில் சாமை அரிசி பார்த்தால் ஒரு கிலோ வாங்கிப் போங்கள். பேரம் பேசாதீர்கள். உட்கார்ந்து விற்கிற அம்மாதான் அதைக் குத்திப் புடைத்தவர்.

மிளகு வாங்கும்போது ஒன்றிரண்டைக் கடித்துப் பாருங்கள். காரம் மெதுவாக ஏறி நாக்கில் நிற்க வேண்டும். பலாப்பழம் வேண்டும் என்றால் வைகாசி, ஆனி வாக்கில் வாருங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பாட்டில். சிலர் காட்டுப் பாறையில் உட்கார்ந்து குடித்துவிட்டு உடைத்துப் போடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் செருப்பில்லாமல் நடக்கிற பாதை அது. போன மாதம் எங்கள் மாட்டுக்குக் குளம்பில் கண்ணாடி ஏறி, பதினைந்து நாள் மேய்ச்சலுக்கு ஓட்ட முடியவில்லை. இங்கே எழுதுகிறவர்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று தெரியும். கூட வருகிறவர்களிடமும் சொல்லுங்கள்.

ஒருநாள் பயணி | புதன், மாலை 5.15

செம்மேடு மிளகு தம்பி, நான்கு முறை வந்தும் 14 நாடு என்பது எனக்குத் தெரியாது. யாரிடமும் நின்று பேசியதில்லை. காவிரிக்கரை எழுதியதையும் இரண்டு முறை படித்தேன். அடுத்த முறை என் அம்மாவைக் கூட்டி வருகிறேன், இரண்டு நாளாக.

ஆனால் ஆகாய கங்கைக்கு இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இறங்குவது எளிது, தொடை நடுங்குவது ஏறும்போதுதான். தண்ணீரும் வேர்க்கடலையும் வைத்துக்கொள்ளுங்கள். ஈரப் படியில் வழுக்கும், பிடி நன்றாக உள்ள செருப்பு வேண்டும். மழை பலத்தால் வனத்துறை அனுமதிக்க மாட்டார்கள், அப்போது கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம். ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர், கல்லையும் சேர்த்துக் கொண்டுவரும்.

கைப்பக்குவம் | புதன், இரவு 8.00

முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பைப் பற்றி யாரும் எழுதவில்லையே! கொல்லிமலை போய்விட்டு அதைக் குடிக்காமல் வந்தீர்களா?

காவிரிக்கரை | புதன், இரவு 9.20

குடிக்காமல் வருவோமா! மகளும் கணவரும் படியேறி வந்ததும் முதலில் அதைத்தான் குடித்தோம். அவர்கள் இருவரும் பேசவே முடியாமல் நின்றார்கள். மகள் 1,000 வரை எண்ணிவிட்டு, மூச்சு வாங்கியதில் விட்டுவிட்டாளாம். அருவிச் சாரலில் உடம்பெல்லாம் நனைந்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. கடை அக்கா அடுப்புப் பக்கத்தில் அவளை நிற்க வைத்துவிட்டு, கிழங்கைக் காட்டினார். பார்த்தால் ஆட்டுக்கால் மாதிரியே பழுப்பு ரோமத்தோடு இருக்கிறது. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளருகிற ஒரு பெரணியின் கிழங்காம். சின்னக் கத்தியால் ரோமத்தைச் சீவினார், உள்ளே இளம்பச்சை. மூட்டு வலிக்கு நல்லது என்று சொல்லி அத்தைக்கு இன்னொரு குவளை ஊற்றினார். வலி குறைந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் குளிரில் மிளகுக் காரத்தோடு தொண்டையில் இறங்கியபோது சுகமாக இருந்தது, அவ்வளவுதான் சொல்வேன்.

அப்புறம் வெயில் ஏறியதும் மாசிலா அருவி. அங்கே இறங்குவது எளிது. அத்தையே என் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஆகாய கங்கையைப் போல உயரமில்லை, சின்னப் பிள்ளைகள் பயமில்லாமல் தலையைக் காட்டலாம். பையன் அரை மணி நேரம் வெளியே வரவே மறுத்தான். சீக்குப்பாறைக்கு நாங்கள் போன நேரம் ஒரே பனிமூட்டம், பள்ளத்தாக்கு எதுவும் தெரியவில்லை. ஐந்து நிமிடம் விலகியது. கீழே ஊர்கள், ஏரி, சாலை எல்லாம் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. திரும்பவும் மூடிக்கொண்டது.

இறங்கும்போது மகள் நோட்டைத் திருப்பி 70லிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்தாள். அத்தை பின்னால் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அடுத்த மாதம் புளியஞ்சோலைக்குப் போகலாம் என்று அவரே சொல்லி இருக்கிறார். கீழே நின்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம்.

கைப்பக்குவம் | புதன், இரவு 9.48

வாங்கி வந்தவர்கள் வீட்டில் வைக்கும் முறை: ரோமத்தை முழுக்கச் சீவி, மேல் தோலையும் எடுத்துவிட்டு, சின்னத் துண்டுகளாக நறுக்கி நசுக்கிக்கொள்ளுங்கள். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் இவற்றைத் தட்டிப் போட்டு, தண்ணீர் தாராளமாக விட்டு, சிறு தீயில் நன்றாகக் கொதிக்க வேண்டும். ஒரு பங்கு சுண்டினதும் வடிகட்டி, கொத்தமல்லித் தழை, உப்பு. தக்காளி சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது இல்லாமல் குடித்தால்தான் கிழங்கின் வாசம் தெரிகிறது.

செம்மேடு மிளகு | வியாழன், காலை 7.05

சேர்த்து ஒரு வரி. கிழங்கை இரண்டு சூப்புக்கு ஆகிற அளவு வாங்குங்கள், போதும். இது தோட்டத்தில் நட்டு எடுப்பதில்லை, காட்டுப் பாறையிலிருந்து சுரண்டி எடுப்பது. கிலோ கணக்கில் வாங்கிப் போய் ஊரில் விற்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பாறையில் முன்பு இருந்த இடம் இப்போது வெறும் கல்லாக இருக்கிறது.

வேலூர் அப்பா | திங்கள், காலை 6.50

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி. முள்ளுக்குறிச்சி வழியாக ஏறினோம், பையன் ஒரு முறைகூட வாந்தி எடுக்கவில்லை. காரவள்ளிப் பக்கம் இரண்டாவது கியரிலேயே இறக்கினேன். 31வது வளைவில் பஸ் வந்தது, நிறுத்தி வழி விட்டேன். ஓட்டுநர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மழை, ஆகாய கங்கைக்கு விடவில்லை. அதனால் எல்லோருமே ஆற்றங்கரையில்தான் இருந்தோம். அப்பா வீட்டில் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேரனுக்குப் பொரியை எப்படிப் போட வேண்டும், எந்த மீன் முதலில் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இளவயதில் பாலாற்றில் மீன் பிடித்ததையெல்லாம் சொன்னார். அப்போது தண்ணீர் ஓடுமாம்.

சாமை அரிசி இரண்டு கிலோ வாங்கினோம், பேரம் பேசவில்லை. பொரி மூன்று பொட்டலம் வாங்கியும் பத்தவில்லை. போகிறவர்கள் அதிகமாக வாங்கிக்கொள்ளுங்கள், காகிதத்தில் மடித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.